ஸ்லாப் அசல், காசும் அசல், ஆனாலும் ஏமாற்று: கிரேடு செய்த நாணயம் வாங்கும்போது ஹோல்டரைச் சோதிப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கன் டாலர் (அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்) வாங்கினேன், கிரேடிங் கம்பெனி தரம் பார்த்து ஸ்லாப்பில், அதாவது மூடிய பிளாஸ்டிக் கூட்டில் (ஹோல்டர் என்பதும் இதைத்தான்), போட்டுக் கொடுத்தது. லேபிளில் எம்எஸ்-65 (புழங்காத காசு, 70-க்கு 65 தரம்) என்று இருந்தது, சான்றிதழ் எண்ணை கிரேடிங் கம்பெனியின் தளத்தில் போட்டால் அதே வருடம், அதே கிரேடு வந்தது, ஹோலோகிராம் கூட ஒழுங்காகவே மின்னியது. ஒரு மாதம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அதே எண்ணுள்ள காசு ஒரு பழைய ஏலத்தில் விற்ற படம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்தப் படத்தில், காசின் முன்பக்கப் பெண் முகமான லிபர்ட்டியின் கன்னத்தில், வாய்க்கு நேர் பின்னால், கமா வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு. என்னிடம் இருந்த காசில் அந்த இடம் வழுவழு என்று இருந்தது, ஆனால் நெற்றியிலும் கழுத்திலும் படத்தில் இல்லாத கீறல்கள் நாலைந்து.

ஸ்லாப் அசல், லேபிள் அசல், உள்ளே இருந்த காசும் சுத்தமான அசல் மார்கன் டாலர்தான். மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். எவனோ ஸ்லாப்பைத் திறந்து 65-ஐ எடுத்துக்கொண்டு, 62-ஓ 63-ஓ இருக்கும் ஒரு காசை உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறான். பெரும்பாலான பேர் போலிக் காசைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். எனக்கு இப்போது இந்த மாற்றிவைக்கும் வேலைதான் அதிக பயம், ஏனென்றால் போலியைப் பிடிக்க நாம் கற்றுக்கொண்ட எந்தச் சோதனையிலும் இது மாட்டாது. எடை சரி, விட்டம் சரி, உலோகம் சரி, எண்ணும் சரி.

முதலில், ஸ்லாப் எப்படி மூடப்படுகிறது

இது தெரியாமல் ஓரத்தைப் பார்த்தால் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு பெரிய கிரேடிங் கம்பெனிகள் முறையே 1986-லும் 1987-லும் வேலையைத் தொடங்கியபோது கொண்டுவந்த முறைதான் இன்றும் அடிப்படை: இரண்டு தெளிந்த பிளாஸ்டிக் பாதிகள், நடுவில் காசைப் பிடித்துக்கொள்ளும் ஒரு உள்வளையம், மேலே லேபிள். பசை கிடையாது. மீயொலி அதிர்வில் ஓரத்து பிளாஸ்டிக் உருகி இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். அதாவது, திறக்க வேண்டும் என்றால் அந்த இணைப்பைக் கிழித்துத்தான் ஆக வேண்டும். கிழிந்த பிளாஸ்டிக் வெளுக்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்தால் வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுமே, அதேதான். மறுபடி மூட பசையோ கரைப்பானோ போட வேண்டும், அதுவும் தடம் விடாமல் போகாது. சூப்பர் குளூ வகைப் பசை காயும்போது வரும் ஆவி, பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி உட்காரும்.

ஏமாற்றில் மொத்தம் நாலு வகை. அசல் ஸ்லாப்பைத் திறந்து காசை மாற்றுவது ஒன்று. ஸ்லாப், லேபிள், காசு மூன்றுமே போலியாகச் செய்வது இரண்டாவது. 2008 வாக்கிலேயே இரண்டு பெரிய கம்பெனிகளும் தங்கள் ஹோல்டரின் போலிகள் வெளியே வந்திருப்பதாக எச்சரித்துவிட்டன. உடைத்த ஸ்லாப்பின் அசல் லேபிளை வேறு ஒரு கூட்டில் போடுவது மூன்றாவது. லேபிளிலேயே கிரேடைத் திருத்துவது நாலாவது, இது கொஞ்சம் முட்டாள்தனமான வேலை, எண்ணைத் தளத்தில் போட்ட உடனே மாட்டிக்கொள்ளும்.

படி 1: எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிம்மதி அடையாதீர்கள்

பிசிஜிஎஸ் லேபிளில் எண் மூன்று துண்டாக இருக்கும்: புள்ளிக்கு முன்னால் இருப்பது அந்த வகை நாணயத்துக்கான எண், புள்ளிக்குப் பின்னால் கிரேடு, சாய்கோட்டுக்கு அப்புறம் இருப்பதுதான் அந்தக் குறிப்பிட்ட காசின் சான்றிதழ் எண். என்ஜிசியில் ஒரு நீள எண், கோடு, பிறகு மூன்று இலக்கம். இரண்டு கம்பெனியின் தளத்திலும் இலவசமாகச் சரிபார்க்கலாம். வருடம், எந்த நாணயச்சாலை, கிரேடு, லேபிளில் இருக்கும் மற்ற வார்த்தைகள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

பொருந்தினால்? அப்படி ஒரு காசை அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் கிரேடு செய்தது என்பது மட்டும் உறுதி. எண்ணைத் திருடுவது ரொம்ப சுலபம், ஏலப் படங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால் அந்த எண்ணை அப்படியே தேடுபொறியிலும் போட்டுத் தேடுங்கள். ஒரே எண் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் விற்பனைக்கு இருந்தால் கதை முடிந்தது.

2020-லிருந்து பிசிஜிஎஸ் ஸ்லாப்பில் என்எஃப்சி சிப் வைக்க ஆரம்பித்தார்கள், போனை அருகில் வைத்தால் சான்றிதழ்ப் பக்கம் திறக்கும். போலி ஸ்லாப் செய்பவனுக்கு இது நல்ல தலைவலி. ஆனால் அசல் ஸ்லாப்பைத் திறந்து காசை மட்டும் மாற்றினால் சிப் வழக்கம்போல "நான்தான்" என்றே சொல்லும், தன் வயிற்றில் இருப்பது வேறு காசு என்று அதற்கு எப்படித் தெரியும்? க்யூஆர் கோடு, ஹோலோகிராம், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒவ்வொன்றும் தான் ஒட்டியிருக்கும் பொருளுக்கு மட்டும்தான் சாட்சி.

படி 2: பழைய படத்தைத் தேடி எடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஆற அமர செய்யுங்கள்.

சான்றிதழ்ப் பக்கத்தில் கம்பெனி எடுத்த படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்ஜிசி பக்கத்தில் நிறைய காசுகளுக்கு இருக்கும், பிசிஜிஎஸ்ஸில் ட்ரூவியூ என்ற அவர்களுடைய படச் சேவையில் எடுத்திருந்தால் மிக நன்றாகவே இருக்கும். இல்லையென்றால் பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஹெரிட்டேஜ் மாதிரி இடங்களில் பல வருடப் படங்கள் அப்படியே கிடைக்கும்.

படம் கிடைத்ததும், விற்பவர் போட்ட படத்தைப் பக்கத்தில் வைத்து, நிறத்தை மறந்துவிடுங்கள். நிறம் ஏமாற்றும். ஒரே காசு ஒரு வெளிச்சத்தில் பொன்னிறம், இன்னொன்றில் சாம்பல், வருடக்கணக்கில் ஸ்லாப்புக்குள்ளேயே டோனிங் (உலோகத்தின் மேல் நாளாவட்டத்தில் ஏறும் நிறம்) கருத்துப்போவதும் உண்டு, வெள்ளிக் காசில் வெள்ளைப் புள்ளியும் செம்பில் கரும்புள்ளியும் பிற்பாடு முளைக்கலாம். பார்க்க வேண்டியது காயங்கள். ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: ஸ்லாப்புக்குள் போன காசுக்குப் புது வெட்டு விழாது, இருந்த வெட்டு ஆறவும் ஆறாது. மார்கன் டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பையில் போட்டு இழுக்கப்பட்டவை, ஒன்றோடொன்று மோதி வாங்கிய அடிகள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி.

கன்னம், நெற்றி, முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம், பின்பக்கத்தில் கழுகின் மார்பு, இந்த நாலு இடத்திலும் இரண்டிரண்டு பெரிய அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அவை இரண்டு படத்திலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கீறல் ஒன்று படத்தில் காணவில்லை என்றால் பதற வேண்டாம், வெளிச்சம் விழுந்த கோணத்தில் மறைந்திருக்கும். ஆழமான வெட்டு காணவில்லை என்றாலோ, படத்தில் இல்லாத ஆழமான வெட்டு கையில் இருக்கும் காசில் இருந்தாலோ, அது வேறு காசு. இதற்கு விற்பவர் சொல்லும் எந்தச் சமாதானமும் எடுபடாது.

இந்த வேலை உதவாத ஒரு இடமும் உண்டு. நவீன புல்லியன் காசுகள் (உலோக மதிப்புக்காக அடிப்பவை), அமெரிக்கன் சில்வர் ஈகிள் மாதிரி, எம்எஸ்-70 லேபிளோடு வருபவை. 70 என்றாலே ஐந்து மடங்கு பெருக்கத்தில் குறை எதுவும் தெரியக் கூடாது, ஆக ஒப்பிட அடையாளமே இருக்காது. 70-ஐ எடுத்துவிட்டு 69 வைத்தால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இங்கே ஸ்லாப்பின் ஓரம்தான் ஒரே சாட்சி.

படி 3: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

முன், பின் படம் எல்லோரும் போடுவார்கள். நாலு ஓரத்தையும் தனித்தனியாக, பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்லாப்பை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் காட்டும் ஒரு அரை நிமிட வீடியோவும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இது இரண்டு நிமிட வேலை. மழுப்புகிறார், பழைய படத்தையே திரும்ப அனுப்புகிறார், "சான்றிதழ் எண்தான் சரியாக வருகிறதே, இன்னும் என்ன வேண்டும்" என்கிறார் என்றால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

படத்தில் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்து விற்பவர்கள் உண்டு. சிலர் திருட்டுக்குப் பயந்து உண்மையாகவே செய்வது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாங்கப் போகிறவன் தனியாகக் கேட்டால் முழு எண்ணையும் தர வேண்டும். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தைத் திரும்பப் பெற வழியுள்ள முறையில் மட்டும் கட்டுங்கள்.

படி 4: பார்சல் வந்ததும், ஓரம்

பிரிப்பதை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பார்சலின் முகவரிச் சீட்டில் ஆரம்பித்து ஸ்லாப்பின் எண் தெரியும்வரை. அப்புறம் நல்ல விளக்கு ஒன்று, பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று, கருப்புத் துணி ஒன்று.

ஸ்லாப்பைக் கருப்புத் துணிக்கு மேலே, கண்ணுக்கு நேராக, புத்தகத்தின் ஓரத்தைப் பார்ப்பது போலப் பிடித்து, இணைப்புக் கோட்டை ஒரு மூலையிலிருந்து சுற்றிவர மெதுவாகப் பாருங்கள். ஒழுங்காக மூடிய ஸ்லாப்பில் அந்தக் கோடு சீராக ஓடும், விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்காது. திறந்து மூடியதில் நான் பார்த்தவை இவை: கோட்டின் மீது இடைவெளி விட்டு விட்டு மூன்று நாலு குட்டி நசுங்கல், கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ நுழைத்து நெம்பிய இடம், ஒரு பக்கம் மட்டும் மயிரிழை இடைவெளி, கோட்டுக்கு உள்பக்கம் எண்ணெய் பட்ட மாதிரி பளபளப்பு, அது பசை ஊறியது, ஓரத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கிய தடம். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப தந்திரமானது, ஏனென்றால் பார்க்க சாதாரண தேய்மானம் போலவே இருக்கும். தேய்மானம் என்றால் முகப்பிலும் முதுகிலும் கூட கீறல் இருக்க வேண்டும். ஓரம் மட்டும் மங்கி, முகப்பு புதுசாகப் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். இதேபோல முன்பாதி பழசாகவும் பின்பாதி புதுசாகவும் தெரிந்தால் அது இரண்டு ஸ்லாப்பைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்ததாக இருக்கலாம்.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை, விரிசல் விட்டதெல்லாம் திறந்ததும் இல்லை. கீழே விழுந்த ஸ்லாப்பில் விரிசல் ஒரு மூலையில் பிறந்து உள்ளே நட்சத்திரம் போலப் பரவும். தபாலில் அடிபட்டால் மூலையில் ஒரு சில்லு போயிருக்கும். நெம்பிய தடம் அப்படி இல்லை, அது இணைப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகும், அதிலும் நீளப் பக்கத்தின் நடுவில் அதிகம், அங்கேதான் நெம்ப வசதி.

பிறகு உள்ளே பாருங்கள். காசுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் தூசி, நூலிழை, விரல்ரேகை இருக்கிறதா? தூசி ஒன்றிரண்டு கம்பெனியிலேயே மாட்டியிருக்கலாம். உட்பக்கத்தில் விரல்ரேகை என்றால் எனக்கு அது பெரிய மணி அடிக்கிற மாதிரி. புகை படிந்தது போன்ற வெண்மை ஓரத்திலிருந்து காசை நோக்கி மங்கிக்கொண்டே வந்தால் அது பசையின் ஆவி.

படி 5: லேபிளும் உள்வளையமும்

லேபிள் நேராக உட்கார்ந்திருக்கிறதா, மூலை மடிந்திருக்கிறதா என்பதை விட, லேபிளும் ஸ்லாப்பும் ஒரே காலத்தவையா என்பதுதான் கேள்வி. கம்பெனிகள் பல முறை லேபிளின் நிறம், எழுத்துரு, ஹோல்டரின் வடிவம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கின்றன. பிசிஜிஎஸ்ஸின் ஆரம்பகால ஸ்லாப்பில் காசு லேசாக ஆடிச் சத்தம் போடும், சேகரிப்பாளர்கள் அதை ராட்லர் என்றே கூப்பிடுவார்கள். என்ஜிசியின் இப்போதைய ஹோல்டரில் நாலு சின்ன முனைகள் காசைப் பிடித்து விளிம்பைக் காட்டும். பழைய லேபிள் புது வகைக் கூட்டில் இருந்தாலோ, புது லேபிள் பழைய கூட்டில் இருந்தாலோ, சந்தேகப்பட வேண்டியதுதான். தலைமுறை வாரியாகப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், அதே தலைமுறை அசல் ஸ்லாப் உங்களிடமே ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தின் தடிமன், கோட்டுக்குறியீட்டின் இடம், பிளாஸ்டிக்கின் சாயல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய ஹோல்டர் பற்றி ஒரு வார்த்தை. பழைய காலத்து கிரேடிங் கறாரானது என்று நம்பி, பழைய ஸ்லாப்புக்கென்றே அதிகம் கொடுக்கிறார்கள். ஆசை இருக்கும் இடத்துக்குத்தான் கள்ளனும் வருவான். அதனால் ராட்லர் என்றால் என் லூப் இன்னும் கொஞ்ச நேரம் ஓரத்திலேயே சுற்றும்.

படி 6: காசு

மூடிய ஸ்லாப்பில் எடை போட முடியாது, தட்டி ஓசை கேட்க முடியாது. ஸ்லாப்போடு சேர்த்து எடை போட்டு இன்னொன்றோடு ஒப்பிடச் சொல்வார்கள், பிளாஸ்டிக்கின் எடையே கொஞ்சம் மாறும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. காந்தம் வேலை செய்யும்: வெள்ளி, தங்கம், செம்பு எதுவும் ஒட்டாது. 1943-ம் வருட செம்பு சென்ட் என்று சொல்லி வருவதில் பெரும்பாலானவை செம்பு முலாம் பூசிய எஃகுதான், ஸ்லாப்புக்கு வெளியிலிருந்தே காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். மின்கடத்தலை அளந்து உலோகத்தைச் சொல்லும் சிக்மா மீட்டர் மாதிரிக் கருவிகள் பிளாஸ்டிக்கைத் தாண்டியும் படிக்கும். ஆனால் மறுபடியும் சொல்கிறேன், இதெல்லாம் போலிக்கு மருந்து, மாற்றிவைத்த அசல் காசுக்கு அல்ல.

விலை உயர்ந்த வருடம் என்றால் அச்சுத் தடயங்களை, அதாவது காசு அடித்த அச்சிலிருந்தே பதிந்த அடையாளங்களைத் தேடுங்கள். உதாரணத்துக்கு 1893-எஸ் மார்கன் (எஸ் என்பது சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாளம்): 1,00,000 மட்டும் அடித்தது, சாதாரண 1893-ல் எஸ் ஒட்டிய போலிகள் ஏராளம். அசலில், லிபர்ட்டி என்ற வார்த்தையின் டி எழுத்து உச்சியில் சின்னதாக ஒரு சாய்ந்த மேட்டுக் கோடு இருக்கும். லூப்பில் ஸ்லாப் வழியாகவே தெரியும்.

கடைசியாக, லேபிளை விரலால் மறைத்துவிட்டு காசுக்கு நீங்களே கிரேடு போடுங்கள். கம்பெனிகளே ஒரு புள்ளி அப்படி இப்படிப் போடும், அதனால் ஒரு புள்ளி வித்தியாசத்துக்குச் சந்தேகப்படக் கூடாது. லேபிளில் 65, உங்கள் கண்ணுக்கு 62 என்றால் முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். என் விஷயத்தில் நான் செய்யத் தவறியது இதைத்தான். லேபிளில் 65 என்று பார்த்துவிட்டதால் நெற்றிக் கீறல்கள் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை.

படி 7: சந்தேகம் உறுதியானால்

ஸ்லாப்பை உடைக்காதீர்கள். உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம் என்று கை துடிக்கும், விடுங்கள். திறந்த ஸ்லாப்புக்குக் கம்பெனியின் உத்தரவாதம் கிடையாது, ஏற்கெனவே எவனோ திறந்திருந்தாலும் கிடையாது, இரண்டு பெரிய கம்பெனிகளின் விதியும் இதுதான். நீங்கள் உடைத்துவிட்டால் முதலில் திறந்தது யார் என்று நிரூபிக்கவும் வழி இல்லாமல் போகும், விற்றவரும் பழியை உங்கள் தலையில் கட்டிவிடுவார்.

படங்களைச் சேகரியுங்கள்: பிரித்த வீடியோ, ஓரத்தின் நெருக்கப் படம், பழைய ஏலப் படமும் உங்கள் படமும் பக்கத்துப் பக்கம், வெட்டுகளைச் சுற்றி வட்டம் போட்டு. இதை விற்றவருக்கு அனுப்புங்கள், திட்டாமல். அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம். எனக்கு விற்றவர் முதலில் முறைத்தார், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் மூன்று வாரத்தில் பணத்தைத் திருப்பினார். அவகாசம் முடிந்துவிட்டது, அவர் மறுக்கிறார் என்றால் பணம் கட்டிய சேவையின் புகார் வழி. அதோடு கிரேடிங் கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள், எண்ணைக் கண்காணிப்பில் வைப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்லாப்பை அனுப்பச் சொல்லி நேரில் பார்ப்பார்கள்.

நீங்களே ஒரு காசை ஸ்லாப்பிலிருந்து உடைத்து எடுக்கும் நாளும் வரலாம், ஆல்பத்தில் வைக்கவோ மறுபடி கிரேடுக்கு அனுப்பவோ. அந்த லேபிளைக் குப்பையில் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், ஒரு லேபிள் விலைக்குப் போகிறது என்றால் எதற்காகப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்கே தபாலில் அனுப்பிவிடுங்கள், அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.